தீர்வை பேசும் சபையில் தொழிலாளிக்கு இடம் எங்கே?

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள், மலேசியச் சரக்குகளுக்கு நூற்றுக்கு 24 வீதம் தீர்வை என்று அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் அறிவித்தார். ஜூலை 7-இல் அது 25 ஆயிற்று. ஜூலை மாதக் கடைசி நாளில் 19 என்று இறங்கிற்று. ஆகஸ்டில் வசூலும் தொடங்கிற்று. நான்கு மாதத்திற்குள் மூன்று கணக்கு! பின்னர் அக்டோபர் 26-இல் கோலாலம்பூரில் டிரம்பும் பிரதமர் அன்வார் இப்ராஹிமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1,711 வகைச் சரக்குகளுக்கு விலக்கு, மற்றவற்றுக்கு 19 வீதம் என்று அதில் கண்டது.

இந்த எண்கள் ஏறலாம், இறங்கலாம், நாளை மறைந்தும் போகலாம். அவற்றுள் எது நல்ல எண் என்று வாதிப்பது நம் நோக்கமன்று. எண் ஏறினாலும் இறங்கினாலும் அதன் பாரம் வந்து விழும் தோள் மட்டும் ஏன் மாறுவதில்லை என்பதே நம் கேள்வி. வர்த்தகக் கொள்கையை வகுப்பவர் ஒருவர். அதன் இலாபத்தை எண்ணுபவர் மற்றொருவர். அது பிசகிய அன்று வேலையை இழப்பவன் தொழிலாளி. இந்தப் பங்கீடு பினாங்குத் தீவில் ஒருமுறைக்கு இருமுறை நடந்து முடிந்த கதை. அதை நினைவூட்டுவது நம் கடமை.

"தொழிற்சாலைச் சரக்குக்குத் தீர்வை போட்டால் தோட்டத் தொழிலாளருக்கு என்ன?" என்று கேட்கும் தோழர்களும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் மரம் விழுந்து எண்ணெய்ப்பனை எழுந்தது, பிறகு பனையும் விழுந்து வீடமைப்புத் திட்டம் எழுந்தது. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே போனார்கள்? ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி கோயில் அடிவாரத்திலிருந்தும், பண்டார் பாரு அடுக்குமாடிகளிலிருந்தும் விடியுமுன் பாயான் லெப்பாசுக்குப் புறப்படும் தொழிலாளரைக் கேட்டுப் பாருங்கள். பால்வெட்டுக் கத்தி பிடித்த கையின் வாரிசுகள் அங்கே எத்தனையோ பேர். ஆகவே இது நம் வீட்டு வழக்கே.

தீர்வை என்றால் என்ன என்பதைத் தோட்டத்துப் பாட்டாளிக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மங்கில் வடிந்த பால் தகடாகிப் புகைவீட்டில் காய்ந்து கப்பலேறும்வரைதான் நம் வேலை. அந்தத் தகடு அமெரிக்காவின் அக்ரன் நகரில் குட்இயரும் ஃபயர்ஸ்டோனும் செய்த டயராயிற்று. இங்கிலாந்தின் பர்மிங்காமில் டன்லப் செய்த டயராயிற்று. தொழில் வளர்ந்த நாடுகள் மூலப்பொருளைத் தீர்வையில்லாமலோ குறைந்த தீர்வையிலோ உள்ளே விடும். அதே பொருளைச் செய்பொருளாக்கிக் கொண்டுபோனால் தீர்வையை ஏற்றும். பச்சைச் சரக்கு வரட்டும், அதை ஆக்கும் வேலை எங்கள் ஊரில் இருக்கட்டும் என்பதே அதன் பொருள். மரம் இங்கே, ஆலை அங்கே என்று உலகம் பிரிந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

விலை விழுந்த காலத்தில் என்ன நடந்தது? 1922-இல் ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதியைப் பிரிட்டிஷார் கட்டுப்படுத்தினர். டச்சுக்காரர் அதில் சேரவில்லை. கட்டுப்பாட்டின் பலனை அவர்களுடைய தோட்டங்கள் அனுபவித்தன. 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த உலக மந்தத்தில், ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். திட்டத்தைத் தீட்டிய துரைமார் எவரும் அந்தக் கப்பலில் ஏறவில்லை.

இனி பினாங்கின் கதைக்கு வருவோம். 1786-இல் பிரான்சிஸ் லைட் கொடி நாட்டிய நாள் முதல் இத்தீவு சுங்கமில்லாத துறைமுகமாகப் பேரெடுத்தது. சுமத்ராவின் ரப்பரும், தென் சயாமின் ஈயமும், இந்தியாவின் துணியும் இங்கே வந்திறங்கி, பிரிந்து, மறுபடி கப்பலேறின. அந்த மூட்டைகளைச் சுமந்தவர்களில் தமிழர் திரளாக இருந்தனர். வெல்ட் கீ கரையோரம் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது அந்தத் தீர்வையற்ற வாணிபம்.

ஆனால் அதே சலுகைக்கு மற்றொரு முகமும் இருந்தது. தீவு நாட்டின் சுங்க எல்லைக்கு வெளியே இருந்தபடியால், தீவில் செய்த பொருள் கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த்தில் இறங்கும்போது அந்நியச் சரக்கைப் போலவே தீர்வை கட்ட வேண்டியிருந்தது. அப்படியிருக்கத் தீவில் ஆலை வைக்க யார் முன்வருவார்? 1958-இல் முன்னோடித் தொழில் சட்டம் வந்தபோது ஆலைகள் பெட்டாலிங் ஜெயாவை நாடின. பினாங்கு மாநிலத்துக்குள்ளும் மாக் மண்டின் தொழிற்பேட்டை பெருநிலத்தில்தான் எழுந்தது. வாணிகனுக்கு வாழ்வளித்த கொள்கை, ஆலைத் தொழிலாளிக்கு வாசலை அடைத்தது.

1963-இல் மலேசியா உருவானதும் இந்தோனேசியா பகை கொண்டு வர்த்தகத்தை அறுத்தது. சுமத்ராவின் மட்டரக ரப்பரை வாங்கிக் கழுவி அரைத்துத் தகடாக்கிய பினாங்கு ஆலைகளுக்குச் சரக்கு நின்றது. அரசாங்கங்கள் மோதிக்கொண்டன, ஆலை வாசலில் நின்றவன் கூலியை இழந்தான். அந்தக் காயம் ஆறுமுன் 1969-இல் தீவின் சுங்க விலக்கும் நீக்கப்பட்டது. அக்காலத்தில் பினாங்கில் வேலையின்றித் தவித்தோர் நூற்றுக்குப் பதினைந்து பேர் என்ற அளவில் இருந்தனர். 1968-இல் நிறைவேறிய வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதே வேளையில்தான் பிரஜையல்லாதார் கையில் வேலைப் பெர்மிட்டைக் கேட்டது. குடியுரிமை பெறாதிருந்த தமிழ்த் தொழிலாளிக்கு ஒரு பக்கம் துறைமுகம் இளைத்தது, மறுபக்கம் தோட்டமும் மறுத்தது. மூட்டை முடிச்சோடு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறிய குடும்பங்களை நம் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை.

சுங்க விலக்கை நீக்கியதே தவறு என்று நாம் சொல்லவில்லை. ஒரே நாட்டுக்குள் ஒரு தீவு மட்டும் சுங்க எல்லைக்கு வெளியே நிற்பதால் தொழில் வளராது என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் விலக்கை நீக்குமுன், அதை நம்பிப் பிழைத்தவர்களுக்கு மாற்று வழி என்ன என்று திட்டமிட்டிருக்க வேண்டாமா? முதலில் பழைய வேலை போயிற்று. புதிய வேலை பிறகுதான் வந்தது. இடையில் பசித்த வயிறுகளுக்கு யார் கணக்கு எழுதினார்கள்?

1969-இல் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, அதே ஆண்டு நவம்பரில் பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை நிறுவினார். 1971-இல் சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் நிறைவேறியது. 1972-இல் பாயான் லெப்பாசில் வேலி போட்ட வட்டாரம் பிறந்தது. தீவு முழுவதற்கும் மூடிய கதவை, அந்த வேலிக்குள் மட்டும் மீண்டும் திறந்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். இன்டெல், நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் முதலிய எட்டுக் கம்பெனிகள் முதல் வரிசையில் வந்தன. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. அதை மறுப்பவன் நன்றி கொன்றவன். உலகில் சில்லுகளைப் பூட்டிச் சோதித்து அனுப்பும் வேலையில் நூற்றுக்கு 13 பங்கு அளவு இன்று மலேசியாவில் நடக்கிறதென்றால், அதன் விதை பாயான் லெப்பாசில் விழுந்தது.

ஆயினும் அந்த விதைக்கு ஊற்றிய நீரில் தொழிலாளியின் உரிமையும் கரைந்து போயிற்று. கம்பெனிகளுக்கு வரிவிடுமுறை கிடைத்தது. தீர்வை விலக்கு கிடைத்தது. தயாராக வெட்டிய நிலமும் மின்சாரமும் கிடைத்தன. அங்கே வேலை செய்த இளம் பெண்களுக்குச் சங்கம் மட்டும் கிடைக்கவில்லை. மின்னணுத் தொழிலாளர் தேசிய அளவில் சங்கம் அமைக்க அரசாங்கம் இடந்தரவில்லை. 1988-இல் கம்பெனிக்குள் அடங்கிய சங்கம் மட்டும் போதும் என்றது. வட்டாரச் சங்கங்களுக்கு வழி பிறக்க 2009 ஆயிற்று. பாயான் லெப்பாஸ் வேலி எழுந்து முப்பத்தேழு ஆண்டுகள்! இடையில் 1985-இன் பொருளாதார வீழ்ச்சியில் மின்னணு ஆலைகள் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பியபோது, அவர்களுக்காகப் பேசப் பலமுள்ள சங்கம் இல்லை.

ஆகப் பினாங்கு நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்: திறந்த கதவும் தொழிலாளியின் நண்பனன்று, மூடிய கதவும் நண்பனன்று. திறந்தபோது ஒரு கூட்டம் வேலை இழந்தது. மூடியபோது வேறொரு கூட்டம் இழந்தது. கதவின் சாவி யார் கையில் இருக்கிறது, கதவை அசைக்குமுன் யாரைக் கேட்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நம் ரப்பரை வைத்தே இதை அளந்து பார்க்கலாம். 1988-இல் மலேசியா 16 இலட்சம் டன்னுக்கு மேல் இயற்கை ரப்பர் உற்பத்தி செய்தது. 2023-இல் அது ஏறத்தாழ 3.5 இலட்சம் டன்னாகச் சுருங்கிற்று. மரம் குறைந்தது, ஆனால் ரப்பர்ப் பொருள் செய்யும் ஆலை வளர்ந்தது. கொரோனா காலத்தில் உலகம் அணிந்த ரப்பர்க் கையுறைகளில் பாதிக்கு மேல் இந்நாட்டில் செய்தவை. அதற்கான பாலில் பெரும்பங்கு தாய்லாந்திலிருந்து வந்தது என்பது வேடிக்கை. மரம் இங்கே ஆலை அங்கே என்றிருந்த காலம் போய், ஆலை இங்கே மரம் அங்கே என்றாயிற்று!

அந்தக் கையுறை வாழ்வும் நிலைத்ததா? நோய் தணிந்தது, விலை சரிந்தது, ஆலைகள் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டன. இதற்கிடையில் சீனக் கையுறைகளுக்கு அமெரிக்கா 2025 முதல் 50 வீதமும் 2026 முதல் 100 வீதமும் தீர்வை என்று 2024 செப்டம்பரில் முடிவு செய்தது. நமக்கு நல்ல காலம் என்று முதலாளிமார் மகிழ்ந்தனர். சீன உற்பத்தியாளரோ வேறு சந்தைகளில் விலையைக் குறைத்தனர். தென்கிழக்காசியாவின் பிற நாடுகளில் ஆலை எழுப்பத் தொடங்கினர். பிறர் மீது விழும் தீர்வையை நம்பி வாழ்வது, அடுத்த வீட்டுக் கூரை ஒழுகுவதால் நம் வீடு காயும் என்று நம்புவதைப் போன்றது.

ஷா ஆலமில் 1972 முதல் நடந்துவந்த குட்இயர் டயர் ஆலை 2024 ஜூனில் மூடப்பட்டது. ஐந்நூற்றைம்பது பேர் வேலை இழந்தனர். ரப்பர் விளையும் நாட்டில், ரப்பரின் தலைமைச் செய்பொருளான டயரை ஐம்பத்திரண்டு ஆண்டுகள் செய்த ஆலை, கம்பெனியின் உலகக் கணக்கில் ஒரு கோட்டை அடித்ததும் முடிந்துபோயிற்று. அந்தக் கோடு போட்டவர் ஷா ஆலமில் இல்லை.

வர்த்தகக் கொள்கை தொழிலாளிக்கு ஒருபோதும் உதவாதா? உதவும், அதற்கும் சான்று உண்டு. 2020 ஜூலையில், கட்டாய உழைப்பு என்ற குற்றச்சாட்டின் பேரில் டாப் குளோவ் கம்பெனியின் கிளைக் கம்பெனிகள் இரண்டின் கையுறைகளை அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்து நிறுத்தியது. வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர், இங்கு வேலைக்கு வர ஏஜெண்டுகளிடம் கடன்பட்டுக் கட்டிய பணத்தைக் கம்பெனி திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. திருப்பிய தொகை 13 கோடி ரிங்கிட்டுக்கு மேல். 2021 செப்டம்பரில் தடை நீங்கிற்று. தார்மிக போதனையால் அசையாத கணக்குப் புத்தகம், துறைமுகத்தில் சரக்கு நின்றதும் அசைந்தது! கங்காணிக்குக் கடன்பட்டுக் கப்பலேறிய நம் பாட்டன்மாருக்கு அப்படி ஒரு வாய்ப்பு இருந்திருந்தால் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை. நம் நாட்டுச் சட்டம் செய்திருக்க வேண்டிய வேலையை அந்நிய நாட்டுச் சுங்க இலாகா செய்தது என்பது நமக்கு வெட்கம். ஆயினும், வர்த்தக விதியில் தொழிலாளியின் உரிமையை எழுதினால் அது பல்லுள்ள விதியாகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

நிற்க, நம்மிடையே இரண்டு விதமான யோசனைகள் உலவுகின்றன. "நாமும் பதிலுக்குத் தீர்வையை ஏற்றிவிடுவோம்; நம் ஆலைகள் பிழைக்கும்" என்பது ஒன்று. பாயான் லெப்பாஸ் ஆலைகளுக்குத் தேவையான இயந்திரமும் உதிரிப் பொருளும் வெளிநாட்டிலிருந்து வருபவை. கண்ணை மூடிக்கொண்டு தீர்வை ஏற்றினால் முதல் அடி அந்த ஆலைத் தொழிலாளியின் தலையில்தான் விழும். "உரிமை, நஷ்டஈடு என்று சங்கங்கள் பேசினால் முதலாளி வேறு நாட்டுக்குப் போய்விடுவார்" என்பது மற்றொன்று. சங்கமே இல்லாத காலத்திலும் ஆலைகள் மூடின என்பதை 1985 காட்டிற்று. போகிறவர் கூலிக்கணக்கும் சந்தைக்கணக்கும் பார்த்துப் போகிறார். போகும்போது தொழிலாளிக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்பதைத்தான் சங்கம் தீர்மானிக்க முடியும்.

எனவே அரசாங்கத்திடம் நாம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது, சபையில் இடம். தேசியத் தொழிலாளர் ஆலோசனை மன்றத்தில் அரசாங்கமும் முதலாளிகளும் சங்கங்களும் ஒன்றாக அமர்கின்றன. தீர்வையைப் பற்றியும் வர்த்தக ஒப்பந்தங்களைப் பற்றியும் கையெழுத்துக்கு முன்பே அம்மன்றத்தில் வைத்துப் பேச வேண்டும். எந்தத் தொழிலில் எத்தனை பேர் பாதிக்கப்படுவர் என்ற கணக்கு ஒப்பந்தத்தோடு வெளிவர வேண்டும். சரக்கை வகைப்படுத்தி 1,711 என்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு மனிதரை எண்ணத் தெரியாதா?

இரண்டாவது, சலுகைக்கு நிபந்தனை. வரிவிடுமுறையும் தீர்வை விலக்கும் பொதுமக்கள் பணம். அதை வாங்கும் கம்பெனி சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும். வேலையாட்களைப் பயிற்றுவிக்க வேண்டும். ஆலையை மூட நினைத்தால் நெடுநாள் முன்னதாகவே சொல்ல வேண்டும். இன்று ஆள்குறைப்புச் செய்யும் முதலாளி முப்பது நாளுக்கு முன் தொழிலாளர் இலாகாவுக்குப் படிவம் அனுப்பினால் போதும். ஐம்பது ஆண்டு நடந்த ஆலைக்கு முப்பது நாள் போதுமா?

மூன்றாவது, நஷ்டஈட்டுக்குப் பாதுகாப்பு. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, வேலை நீக்கப்பட்டவருக்கு ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும், இரண்டாண்டுக்குட்பட்டால் 10 நாள் கூலி, ஐந்தாண்டுக்குட்பட்டால் 15 நாள், அதற்கு மேல் 20 நாள் கூலி. பத்தாண்டு உழைத்தவருக்கு 200 நாள் கூலி. காகிதத்தில் நல்லதே. கம்பெனி கையை விரித்துவிட்டால்? காகிதம் சோறாகாது. முதலாளிகள் நடப்பிலேயே பணம் கட்டிச் சேர்க்கும் ஒரு பொது நிதி இருந்தால்தான் இந்த உரிமை உரிமையாகும்.

நான்காவது, வேலை காப்புறுதியை விரிவாக்குதல். 2018 முதல் சொக்சோவின் கீழ் நடக்கும் இத்திட்டம் நல்ல தொடக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். வேலையிழந்தவருக்கு முதல் மாதம் கூலியில் 80 வீதம், இரண்டாம் மாதம் 50, மூன்றும் நான்கும் 40, ஐந்தும் ஆறும் 30 என்று கிடைக்கிறது. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சக் கூலி வாங்குபவருக்கு முதல் மாதம் ஏறத்தாழ 1,360 ரிங்கிட். ஆறாம் மாதம் ஏறத்தாழ 510. வீட்டு வாடகையும் பள்ளிச் செலவும் அதைப் பார்த்துக் குறையுமா? வர்த்தகக் கொள்கையால் வேலை போனதென்றால், அந்தக் கொள்கையால் வரும் சுங்க வருமானத்தின் ஒரு பங்கு அந்தத் தொழிலாளிக்கே சேர வேண்டும் என்கிறோம்.

தோழர்கள் மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் சொக்சோவில் விண்ணப்பிக்க வேண்டும். "தானாகவே போனதாக எழுதிக் கொடு" என்று யாரேனும் தாளை நீட்டினால், சங்கத்தைக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். தானாக விலகியவருக்கு இந்தக் காப்புறுதிப் பணம் கிடையாது. ஒரு கையெழுத்தால் இருபதாண்டு உழைப்பின் பலன் போய்விடும்.

அரசாங்கத்தைக் கேட்பதோடு நம் கடமை முடிந்ததா? இல்லை. இந்நாட்டின் தொழிலாளரில் சங்கத்தில் சேர்ந்தவர் நூற்றுக்கு ஆறு பேர் என்ற அளவில்தான் இருக்கின்றனர். மற்ற தொண்ணூற்று நான்கு பேருக்காக யார் சபையில் ஆசனம் கேட்பது? 2024 செப்டம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த தொழிற்சங்கத் திருத்தச் சட்டம், தொழில்வாரியாக நம்மைப் பிரித்து வைத்த பழைய வேலியைத் தளர்த்தியிருக்கிறது. ஒரே இடத்தில் பல சங்கங்கள் முளைத்துத் தொழிலாளர் சிதறும் அபாயமும் அதில் உண்டு; தோட்டத்தில் பிறந்தவரும் ஆலையில் உழைப்பவரும் கைகோக்கும் வாய்ப்பும் உண்டு. எது நடக்கும் என்பது நம் கையில் இருக்கிறது.

1954-இல் சிதறிக் கிடந்த தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. அதற்கு முன்பு ரப்பர் விலை ஏறியதும் இறங்கியதும் துரைமார் சொல்லித்தான் நமக்குத் தெரியும். ஒன்றுகூடிய பிறகு, விலை ஏறினால் கூலியிலும் ஏற வேண்டும் என்று எதிரில் அமர்ந்து பேசி ஒப்பந்தத்தில் எழுத வைத்தோம். உலகச் சந்தையை நாம் ஆளவில்லை. ஆயினும் அதன் கணக்கில் நம் பங்கைக் கேட்டு வாங்கினோம். அன்று படிப்பறியாத பாட்டாளிகள் செய்ததைப் படித்த பிள்ளைகள் இன்று செய்ய முடியாதா?

ஆகவே ஆயர் ஈத்தாமிலும் பாயான் லெப்பாசிலும் பெருநிலத் தோட்டங்களிலும் உள்ள தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் வீட்டில் ஆலைக்குப் போகும் மகனோ மகளோ எந்தச் சங்கத்தில் இருக்கிறார் என்று இந்த வாரமே விசாரியுங்கள். எதிலும் இல்லையென்றால் சேரச் சொல்லுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்திற்கு அவர்களை அழைத்து வாருங்கள். மேலே சொன்ன நான்கு கோரிக்கைகளையும் அங்கே தீர்மானமாக்கி, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் கையில் நேரில் கொடுங்கள். கேளாதவனுக்கு ஆசனம் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.